தம்பலகாமத்துச் சிப்பியும் குத்தகை முறையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் போர்க்கப்பல்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அத்துறைமுகத்தோடு இணைந்த தம்பலகாமக் குடாவின் சேற்றிலே கிடந்த ஒரு சிப்பியினம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆட்சியாளருக்கு இறைவரியையும் விஞ்ஞானிகளுக்கு ஆய்வுப்பொருளையும் ஒருங்கே வழங்கியமை அத்துணைக் கவனம் பெறவில்லை. இவ்விரண்டுக்குமிடையேயுள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிளாக்கூனா பிளசென்டா எனப்படும் இச்சிப்பி, மன்னார்ப் பார்களில் விளையும் முத்துச்சிப்பியினின்றும் வேறானது. தட்டையான, ஒளி ஊடுருவும் ஓடுகளையுடையது. கோவாவிலும் பிலிப்பைன்சிலும் சாளரங்களிற் கண்ணாடிக்குப் பதிலாக இவ்வோடுகள் பதிக்கப்பட்டன. முட்டையினின்று வெளிப்படும் குடம்பி நீரோட்டத்தோடு மிதந்து திரிந்து, பின்னர் தளத்தை அடையும்; வளர்ந்த சிப்பி சேற்றின்மீது கிடக்கும். எனவே இவ்வினத்தின் பரம்பலை நீரோட்டமும் நீரின் உவர்த்தன்மையும் தளத்தின் இயல்பும் நிர்ணயிக்கின்றன. இளஞ்சிப்பியின் ஓடு மெல்லியது, முதிருந்தோறும் தடிப்பது. இதனுட் காணப்படும் முத்துக்கள் மிகச் சிறியன. அவை இந்தியக் கரைகளுக்கு ஏற்றுமதியாகி, செல்வர் வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பாகச் சுடப்பட்டன என்பர் எமர்சன் ரெனன்ட்.

குடாவிற் சிப்பி எடுக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 1858க்கு முந்திய மூன்றாண்டுகளில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 1 கோடியே 80 இலட்சத்துக்குக் குறையா என ரெனன்ட் எழுதியுள்ளார். இத்தொகையை அவர் இனத்தின் செழிப்புக்குச் சான்றாகவே காட்டினார். நாம் பிறிதொரு வினாவை எழுப்புதல் வேண்டும். குறுகிய காலக் குத்தகைக்காரனுக்கு இளஞ்சிப்பியை விட்டுவைப்பதால் யாது ஆதாயம்? அது முதிரும்போது உரிமை வேறொருவன் கைக்குப் போயிருக்கலாம். சிப்பியின் வளர்ச்சிக்காலத்துக்கும் குத்தகையின் காலத்துக்குமான முரண்பாடு அம்முறையினுள்ளேயே பொதிந்திருந்தது.

விஞ்ஞானம் இங்குப் புகுந்தமையும் இப்பின்னணியிலேயே நோக்கற்பாலது. இலங்கையிற் பிறந்த மருத்துவரான கேலார்ட், 1857 முதல் திருகோணமலையிலிருந்து முத்துச்சிப்பி பற்றி அரசுக்கு அறிக்கைகள் சமர்ப்பித்தார். 1906இல் ஜேம்ஸ் ஹோர்னெல் தம்பலகாமச் சிப்பி பற்றித் தனி அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டிலேதான் மன்னார்ப் பார்கள் இலண்டன் முதலீட்டாளரின் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகையாயின. ஆயினும் 1907க்குப் பின் 1925 வரை அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆய்வுகளின் உண்மையை வருமான நோக்கம் பொய்யாக்கிவிடாது. ஆனால் எவ்வினாக்கள் கேட்கப்பட்டன, விடைகள் யாருக்குக் கையளிக்கப்பட்டன என்பவற்றை அந்நோக்கமே பெரிதும் தீர்மானித்தது.

சிப்பி எங்கே செறிந்து கிடக்கின்றது, எத்துணை வளர்ந்துள்ளது என்பதை நீரில் இறங்கி எடுத்தவனே முதலில் அறிந்தான். குத்தகையின் வரலாறு தொகைகளைப் பேணிற்று. அவனது பெயரைப் பேணவில்லை. சங்கச் செய்யுள்களும் கொற்கை முத்தைப் பாண்டியரின் பெருமையாகவே பெரிதும் போற்றின. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வழங்கும் தொழிற்சொற்களையும் நினைவுகளையும் முறையாகத் தொகுப்பது ஆதலின் நாட்டாரியல் ஆர்வம் மட்டுமன்று. உழைப்பினூடாகப் பிறந்த அறிவை அதன் உரிமையாளருக்கு மீட்டளிக்கும் வரலாற்றுப் பணியுமாகும்.