சாவிக்கொத்தும் ஒரு சொட்டு ரத்தமும்

1987-ல் கொடைக்கானலில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் காலை எங்கள் டைப்பிஸ்ட் பெண் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. "காக்கா வலிப்பு சார், சாவிக்கொத்தைக் கையில குடுங்க" என்றார் பியூன். "எல்லாம் நடிப்பு" என்று ஒருவர் முணுமுணுத்தார். மதுரைக்குக் கொண்டுபோய் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் செய்தி பரவிவிட்டது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது.

வலிப்பா, மனத்தின் வேதனையா? இந்தக் கேள்வி பழையது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ ஆற்றிய சொற்பொழிவுகளைப் பின்னாளில் தேடிப் படித்தேன். 1870-களில் அவரும் இதே சிக்கலோடுதான் போராடினார். தெர்மாமீட்டரைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்து வலிப்பு வந்தால் உடல்சூடு வெகுவாக ஏறும், ஹிஸ்டீரியாவில் அவ்வளவு ஏறாது என்பது அவர் கணக்கு. உடம்பே சாட்சி சொல்லட்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்தது.

1929-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். ஆனால் வலிப்பு வராத நேரத்தில் பதிவு செய்தால், வலிப்பு நோய் உள்ளவருக்கும் அலைகள் சரியாகவே தெரியலாம். மதுரையில் எடுத்த பதிவு எதையும் தீர்த்துவிடவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

1978-ல் லண்டனில் மைக்கேல் டிரிம்பிள் ரத்தத்தில் சாட்சி தேடினார். பெரிய வலிப்பு வந்தபின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுதியாக வெளிப்படுகிறது. மனம் சார்ந்த வலிப்பில் அப்படி ஏறுவதில்லை என்று கண்டார். 2005-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி இதை ஒரு துணைச் சோதனையாக ஏற்றது. ஆனால் ரத்தத்தை 10 முதல் 20 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். சாதாரண மயக்கத்திலும் இது ஏறலாம். ஏறவில்லை என்பதால் வலிப்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்றும் உறுதியான வழி, வலிப்பு வரும்போதே மூளை அலைகளையும் வீடியோவையும் சேர்த்துப் பதிவு செய்வதுதான்.

இருபது நிமிடம்! எங்கள் வண்டி அதற்குள் மலைப்பாதையில் நாலு வளைவுகூடத் தாண்டியிருக்காது.

1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வரும் வலிப்பையும் பைத்தியத்தோடு சேர்த்துத் திருமணத்துக்குத் தடையாக எழுதினார்கள். 1999-ல்தான் வலிப்பு என்ற சொல்லை நீக்கினார்கள். நோயின் பெயர் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தீர்மானித்த காலம் அது.

மனம் சார்ந்த வலிப்பும் நடிப்பல்ல. அது அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு. அன்று நாங்கள் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, நடந்ததை டாக்டரிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.