கன்டின்ஸ்கி கேட்டதும் கேளாததும்

ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில், சித்திரப் பாட விரிவுரையாளர் ஒருவர் பழைய நாட்காட்டியொன்றிலிருந்து வெட்டியெடுத்த ஓவியப் பிரதியை வகுப்பில் கைமாற்றி விட்டார். தாளில் பெரும்பகுதி மஞ்சள். மேற்பாதியில் கரிய பெரிய திட்டு ஒன்று. கீழே ஒருபுறமாகச் சாய்ந்து நெருங்கி நிற்கும் சின்னச் சின்ன நிறங்கள். "இது ஓர் இசைக் கச்சேரி" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தவன்தான்.

அந்த ஓவியம் வசிலி கன்டின்ஸ்கியின் 'மனப்பதிவு 3 (கச்சேரி)'. இன்று மியூனிக் நகரின் லென்பாஹவுஸ் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள வரலாற்றைத் துண்டு துண்டாகத் தேடி அறிய எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

1911 ஜனவரி தொடக்கத்தில் ஓர் இரவு மியூனிக்கில் அந்தக் கச்சேரி நடந்தது. வியன்னாவைச் சேர்ந்த ஆர்னோல்ட் ஷேன்பேர்க்கின் ஆக்கங்கள் இசைக்கப்பட்டன. வயது 36. இளமையில் வங்கி எழுதுவினைஞராக இருந்து, பெரும்பாலும் தானாகவே இசை பயின்றவர். சபையில் நண்பர்களோடு அமர்ந்திருந்த கன்டின்ஸ்கிக்கு வயது 44. மொஸ்கோவில் சட்டம் படித்தவர்; பல்கலைக்கழகப் பதவியொன்று கிடைத்தும் அதை மறுத்துவிட்டு, 1896இல் ஓவியம் கற்க மியூனிக் வந்தவர். அந்த முடிவுக்குப் பின்னாலும் ஓர் இசை இருந்தது. மொஸ்கோ அரங்கில் வாக்னரின் 'லோஹென்கிரின்' இசைநாடகத்தைக் கேட்டபோது தனது நிறங்கள் யாவும் கண்முன் எழுந்தன என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதை வைத்து, அவருக்கு ஒலி கேட்டால் நிறம் தெரியும், ஆகவேதான் அப்படி வரைந்தார் என்று கதையை முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நிறம் தெரிந்த மனிதர் அன்றைக்கே வரைந்திருக்கலாமே? ஏறத்தாழ 15 வருடங்கள் ஏன் குதிரையையும் மலையையும் கோபுரத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்? பொருளைக் கைவிட்டால் எஞ்சுவது கழுத்துப்பட்டியிலும் கம்பளத்திலும் காணும் வெறும் அலங்காரமாகிவிடுமோ என்ற அச்சம் அவரிடம் இருந்தது. (கம்பளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1910இல் இதே மியூனிக்கில் இஸ்லாமியக் கலைப் பெருங்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பார்த்த கன்டின்ஸ்கி பாரசீகச் சிற்றோவியங்களை வியந்து ரஷ்ய சஞ்சிகையொன்றில் எழுதினார். இது தனியாக எழுத வேண்டிய விடயம்.)

அச்சத்தை நீக்கியது அந்தக் கச்சேரிதான். நமது இசையில் தம்பூராவின் சுருதி பாடகரைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அழைப்பதுபோல, மேற்கின் இசையிலும் ஒரு மூல சுரம் உண்டு. இடையில் இணங்காத சுரங்கள் மோதலாம். ஆனால் அவை இணக்கத்தில் சென்று அடங்க வேண்டும் என்பது பழைய விதி. அன்று கேட்ட இரண்டாவது நால்வர் இசையின் கடைசிப் பகுதியிலும் மூன்று பியானோ ஆக்கங்களிலும் ஷேன்பேர்க் அந்த வீட்டையே விட்டு வெளியேறியிருந்தார். இணங்காச் சுரங்களும் தூரத்து இணக்கங்களே என்ற அவரது கருத்து கச்சேரி அறிவித்தலிலும் இடம்பெற்றிருந்தது. உடனிருந்த ஓவியர் பிரான்ஸ் மார்க், ஒவ்வொரு சுரமும் தனியே நிற்கிறது, நிறத் திட்டுக்களுக்கு நடுவே வெறும் திரை தெரிவதுபோல என்ற கருத்தில் நண்பருக்கு எழுதினார். கன்டின்ஸ்கி, முன்பின் அறியாத ஷேன்பேர்க்குக்கு ஜனவரி 18ஆம் திகதி கடிதம் எழுதினார். உங்கள் இசையில் ஒவ்வொரு குரலும் தன் சொந்த வாழ்வை வாழ்கிறது, ஓவியத்தில் நான் தேடுவதும் அதைத்தான் என்பதே அதன் சாரம்.

ஆக, அவர் இசையிலிருந்து நிறத்தை எடுக்கவில்லை. விதியை மீறியும் ஓர் ஆக்கம் குலையாமல் நிற்கும் என்ற தைரியத்தை எடுத்தார். அந்த ஓவியத்துக்கு முன் அவர் போட்ட மாதிரி வரைவுகளில் பியானோவும் கேட்போரும் தெளிவாகவே தெரிகின்றனர். ஒருமுறை தரம் 8 மாணவர்களுக்கு ஒலிநாடாவில் ரபான் அடியைப் போட்டு, கேட்டதை வரையச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் ரபானை வரைந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் ரபானை வரைந்து, அதை அழித்துவிட்டு, நெருங்கி நெருங்கி வரும் புள்ளிகளை வைத்திருந்தாள். என்னவென்று கேட்டேன். "ரபான் இல்ல சேர், அடி" என்றாள். கன்டின்ஸ்கியின் வரைவுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அழித்த தடம்தான் எனக்குத் தெரிகிறது.

பிறகு நட்பு வளர்ந்தது. ஷேன்பேர்க்கும் ஓவியம் வரைபவர். 1911 டிசம்பரில் கன்டின்ஸ்கியும் மார்க்கும் நடத்திய 'நீலக் குதிரைவீரன்' கண்காட்சியில் அவரது படங்களும் தொங்கின. 1912இல் அதே பெயரில் வந்த தொகுப்பு நூலில் ஷேன்பேர்க்கின் கட்டுரை, பாடல் ஒன்றின் இசைக்குறிப்பு, சிறுவர் சித்திரங்கள், எகிப்திய நிழற்கூத்துப் பாவைகள் எல்லாம் ஒன்றாக இருந்தன. 'மஞ்சள் ஒலி' என்ற கன்டின்ஸ்கியின் மேடை ஆக்கமும் அதில் வெளியானது. நிறம், அசைவு, இசை மூன்றும் சமமாக இயங்கும் அரங்கை அவர் கனவு கண்டார். அவர் உயிரோடிருக்கும்வரை அது மேடையேறவில்லை.

1914இல் யுத்தம் வந்தது. எதிரி நாட்டவரான கன்டின்ஸ்கி ஜேர்மனியை விட்டு வெளியேறினார். 1922இல் வைமார் நகரின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியரானார். அடுத்த வருடம் ஏப்ரலில், அங்குள்ள இசைப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வரலாமே என்று பழைய நண்பருக்கு எழுதினார்.

வந்த பதில் அவரைத் திடுக்கிட வைத்தது. ஷேன்பேர்க் யூதர். 1898இலேயே கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தும், 1921 கோடையில் மட்சீ என்ற ஊரில் யூதர்களுக்கு இங்கு இடமில்லை என்று சொல்லப்பட்டுக் குடும்பத்தோடு வெளியேறியவர். பௌஹவுஸில் யூத வெறுப்பு இருப்பதாகவும், கன்டின்ஸ்கியே அப்படிப் பேசுவதாகவும் அவர் காதுக்கு எட்டியிருந்தது. அது பிறர் சொல்லி வந்த செய்திதான். ஆனால் கன்டின்ஸ்கி எழுதிய பதில் பிறர் சொன்னதல்ல. யூதர் என்ற வகையில் உங்களை ஏற்கவில்லை, ஆயினும் நீங்கள் இங்கு வந்தால் மகிழ்வேன் என்ற பொருள்பட அதில் எழுதியிருந்தார். மே மாதம் ஷேன்பேர்க் நீண்ட கடிதமொன்று எழுதினார். தெருவில் என்னை உற்றுப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும், நான் கன்டின்ஸ்கி விலக்களித்த ஆள் என்று சொல்லிக்கொண்டா போவது என்று கேட்டார். இந்த வெறுப்பு வன்முறையிலன்றி வேறெதில் போய் முடியும் என்றும் கேட்டார். ஹிட்லரின் பெயரும் அக்கடிதத்தில் வருகிறது. அப்போது 1923.

இந்த இடத்தில் நமது வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. "நீங்க மத்தவங்க மாதிரி இல்ல" என்ற பாராட்டை பஸ்ஸிலும் அலுவலகத்திலும் வாங்கிக்கொண்டு, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் வீடு வந்தவர்கள் நம்மில் பலர். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வாழ்வு உண்டென்று கேட்டறிந்த காது அது. மனிதரிடம் வந்தபோது அதற்குக் கேட்கவில்லை.

கடிதங்கள் நின்றன. இசையிலிருந்து கன்டின்ஸ்கி எடுத்துக்கொண்டது மட்டும் நிற்கவில்லை. 1928இல் டெசாவ் நகர அரங்கில் முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சியில் ஓவியங்கள்' என்ற பியானோ ஆக்கத்தை மேடையேற்றினார். ஓவியரும் கட்டடக் கலைஞருமான ஹார்ட்மன் என்ற நண்பர் இறந்தபின், அவரது படக் கண்காட்சியைப் பார்த்து முசோர்க்ஸ்கி 1874இல் அமைத்த இசை அது. படம் இசையானது, 54 வருடங்களின் பின் அந்த இசை, நகரும் வடிவங்களும் ஒளியுமாக மேடையில் மறுபடி படமானது. நடனக் கலைஞர்கள் ஓரிரு காட்சிகளில் மட்டுமே வந்தனர்.

1933இல் நாஸிகளின் நெருக்குதலில் பௌஹவுஸ் மூடப்பட்டது. கன்டின்ஸ்கி பாரிஸ் போனார். அதே வருடம் பாரிஸில் ஷேன்பேர்க் முறைப்படி யூத மதத்துக்குத் திரும்பினார். பின் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இடையில் 1927 கோடையில் ஆஸ்திரிய ஏரிக்கரையொன்றில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். புகைப்படம் இருக்கிறது. 1923இன் கடிதங்களைப் பற்றி அங்கே பேசினார்களா என்பதைப் புகைப்படம் சொல்லாது.

1936 ஜூலையில் கன்டின்ஸ்கி அமெரிக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1911இல் ஸ்டார்ன்பேர்க் ஏரியில் முதன்முதலாகச் சந்தித்த நாளை அதில் நினைவுகூர்ந்தார். தான் நீராவிப் படகில் வந்து இறங்கியதையும், கரையில் வெள்ளை உடையில், வெயிலில் கறுத்த முகத்துடன், கறுப்பு வெள்ளைச் சித்திரம்போல அவர் நின்றுகொண்டிருந்ததையும்.