பல்கலைக் கழகக் கல்வியும் பகுதிநேரப் படைப்பயிற்சியும்

முன்னுரை

தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், ஓதலையும் பகையையும் தூதையும் வேறுவேறாக வைத்து எண்ணினார். கற்பியலில் கால எல்லை வகுக்கும்பொழுதும், கல்விப் பிரிவு மூன்று ஆண்டினைக் கடவாது என்றும், வேந்தன் வினைமேற் செல்லும் பிரிவு ஓர் ஆண்டினுள் அடங்கும் என்றும் தனித்தனியே வரையறுத்தார். ஓதச் சென்றவன் ஓதினான். பொரச் சென்றவன் பொருதான். ஒருவனே ஒரே காலத்தில் இவ்விரண்டினையும் மேற்கொள்ளுதல் அவ்விலக்கணத்துள் பேசப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டுப் பல்கலைக் கழகமோ இவ்விரண்டினையும் ஒரே மாணாக்கனிடத்தே ஒன்றுசேர்க்க முயன்றது. காலையில் அணிவகுப்புத் திடலில் துப்பாக்கி ஏந்தி நின்றவன், சிறிது நேரத்திற்கெல்லாம் வகுப்பில் அமர்ந்து இலக்கணமோ கணக்கோ கற்றான். இம்முயற்சி இந்தியாவில் எவ்வாறு தோன்றியது, யாருடைய நோக்கத்தை நிறைவேற்றியது, எக்காலத்து வலிமை பெற்றது, எக்காலத்துத் தளர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம். படைப்பயிற்சியின் பயன் பயிற்சி முறையைக் காட்டிலும், மாணவனது இசைவையும், பயிற்சியின் முடிவில் அவனுக்குத் திறக்கப்பெறும் வாயிலையுமே மிகுதியும் பொறுத்தது என்பது நாம் நிறுவக் கருதும் முடிபாகும்.

ஆங்கில நாட்டுத் தோற்றம்

பல்கலைக் கழக மாணவர் தொண்டர் படையாகத் திரளும் வழக்கம் இங்கிலாந்தில் 1859-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியது. பிரெஞ்சு நாட்டினர் படையெடுத்து வருவர் என்னும் அச்சம் பரவிய அந்நாளில், ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு மாணவர்கள் துப்பாக்கித் தொண்டர் அணிகளை அமைத்தனர். அவை ஆர்வத்தின் விளைவாகப் பிறந்தவை. நாட்டின் படை அமைப்போடு நெருங்கிய தொடர்பு பெற்றவை அல்ல.

அத்தொடர்பை உண்டாக்கியவர் ஆல்டேன் ஆவார். மெய்ப்பொருள் நூற் பயிற்சி மிக்க அவர் 1905 முதல் 1912 வரை போர்த்துறை அமைச்சராக இருந்தார். தென்னாப்பிரிக்கப் போரில் அலுவலர் பற்றாக்குறை வெளிப்பட்டிருந்தமையின், பல்கலைக் கழகங்களையும் பள்ளிகளையும் அலுவலர் விளையும் நிலமாக்க அவர் கருதினார். 1908-இல் அலுவலர் பயிற்சிப் படை அமைக்கப்பெற்றது. பல்கலைக் கழகங்கள் அதன் மேற்பிரிவாகவும், பள்ளிகள் கீழ்ப்பிரிவாகவும் அமைந்தன. 'ஏ', 'பி' என இரு சான்றிதழ்கள் வகுக்கப்பட்டன. சான்றிதழ் பெற்றவன் படை அலுவலனாதல் எளிதாயிற்று.

இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, சேர்க்கை மாணவன் விருப்பத்தைப் பொறுத்தது. மற்றொன்று, பயிற்சிக்கு ஒரு முடிவிடம் இருந்தது. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபொழுது, இப்படையில் பயின்றோர் முதற்சில திங்களிலேயே பல்லாயிரவராக அலுவலர் பதவி ஏற்றனர். அவருள் மீளாதவர் பலர். கல்லூரிச் சுவர்களில் இன்றும் காணப்பெறும் பெயர்ப் பட்டியல்கள், அவ்வாயில் எங்கே இட்டுச் சென்றது என்பதற்கும் சான்றாகும்.

1917: இந்திய மாணவர் கையில் துப்பாக்கி

இந்தியாவின் நிலை வேறு. 1857-க்குப் பின்னர் ஆங்கில அரசு கற்ற இந்தியன் கையில் படைக்கருவி கொடுக்க அஞ்சியது. 1878-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் அவ்வச்சத்தின் எழுத்து வடிவம் எனலாம். கற்றோர் மிகுந்த வங்காளமும் சென்னையும் போர்க்குணம் அற்ற மக்கள் வாழும் பகுதிகள் என்னும் கொள்கையும் அன்று படைத்துறையில் வேரூன்றி இருந்தது.

போரின் நெருக்கடி இந்நிலையைச் சிறிது தளர்த்தியது. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டம் 16 முதல் 50 அகவை வரையுள்ள ஐரோப்பிய ஆங்கிலக் குடிகளுக்குப் படைத்தொண்டினைக் கட்டாயமாக்கியது. இந்தியரை விருப்பத்தின்பேரில் ஏற்றது. இச்சட்டத்தின் கீழ்ப் பல்கலைக் கழக அணிகள் தோன்றின.

கல்கத்தாப் பல்கலைக் கழக அணியிற் சேர்ந்தவருள் ஒருவர் சுபாசு சந்திர போசு. ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட நிகழ்ச்சி காரணமாக 1916-இல் மாநிலக் கல்லூரியினின்றும் விலக்கப்பெற்ற அவர், மறு ஆண்டில் வேறொரு கல்லூரியிற் சேர்ந்து, மெய்ப்பொருள் நூலைப் பாடமாகப் பயின்றுகொண்டே படைப்பயிற்சியும் பெற்றார். துப்பாக்கி பெறுவதற்காக வில்லியம் கோட்டையினுள் அணிவகுத்துச் சென்றபொழுது, தமக்கு இயல்பாக உரியதாய், முறையின்றிப் பறிக்கப்பட்டதாய் இருந்த ஒன்றை மீளக் கைக்கொண்டாற் போன்ற உணர்ச்சி உண்டாயிற்று என்று அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1919-இல் அவர் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. படைப்பயிற்சி அவர்தம் கல்வியைக் கெடுக்கவில்லை. ஆள்வோர் எந்நோக்கத்தோடு அப்பயிற்சியை அளித்தனரோ அந்நோக்கத்தில் அவரை அது நிறுத்தவும் இல்லை. 1928-இல் கல்கத்தாக் காங்கிரசில் தொண்டர் படையைச் சீருடையில் நடத்தியவரும், 1943-இல் இந்தியத் தேசியப் படையின் தலைமையை ஏற்றவரும் அவரே.

வாயில் இல்லாத பயிற்சி

1920-இல் இரு சட்டங்கள் அடுத்தடுத்து இயற்றப்பெற்றன. ஒன்று இந்தியப் பிரதேசப் படைச் சட்டம். மற்றொன்று துணைப்படைச் சட்டம். துணைப்படை ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியதாயிற்று. பிரதேசப் படை இந்தியர்க்கு உரியதாயிற்று. பல்கலைக் கழக அணிகள் பிரதேசப் படையைச் சார்ந்து, பல்கலைக் கழகப் பயிற்சிப் படை என்னும் பெயர் பெற்றன. நாட்டைக் காக்கும் இரண்டாம் அணியிலும் நிறவேற்றுமை இவ்வாறு சட்டத்தால் நிலைநிறுத்தப்பெற்றது.

பயிற்சியின் பாடத்திட்டம் பெரும்பாலும் ஆங்கில நாட்டு முறையைத் தழுவியதே. ஆயின் பயிற்சியின் முடிவில் மாணவன் எங்கே செல்வது? 1917 வரையில் அரசர் ஆணைபெற்ற அலுவலர் பதவி இந்தியர்க்கு ஏறத்தாழ முற்றிலும் அடைபட்டிருந்தது. அதன்பின் சாண்டர்சுட்டுப் படைக்கல்லூரியில் ஆண்டுக்குப் பத்து இடங்கள் மட்டுமே இந்தியர்க்கு ஒதுக்கப்பெற்றன. பரந்த நாடு முழுவதற்கும் பத்து இடங்கள்! அவ்வாறாயின், பல்கலைக் கழகங்களில் நூற்றுக்கணக்காகப் பயின்ற மாணவர்க்கு அப்பயிற்சி உடலுரமும் ஒழுங்குமே தந்தது. வாழ்க்கைப் பயன் தரவில்லை என்பது தெளிவு.

இக்குறையை நன்குணர்ந்து நாட்டின் உயரவையில் எடுத்துரைத்தவர் தமிழர் ஒருவர் என்பது நாம் பெருமையுடன் குறிக்கத்தக்கது. தஞ்சை மாவட்டத்திற் பிறந்து, 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக விளங்கிய சர் பி. எசு. சிவசாமி ஐயரே அவர். பல்கலைக் கழக அணிகள் அரும்பிய காலமும் அவர் துணைவேந்தராக இருந்த காலமும் ஒன்றே. 1921 மார்ச்சுத் திங்களில் மத்தியச் சட்டமன்றத்தில், எசர் குழுவின் அறிக்கை குறித்த தீர்மானங்களை அவர் முன்னின்று நிறைவேற்றச் செய்தார். அரசர் ஆணைபெறும் அலுவலர் பதவிகளில் தொடக்கத்திலேயே நூற்றுக்கு 25-க்குக் குறையாமல் இந்தியர்க்கு அளித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயிற்சியளிப்பது மட்டும் போதாது, பயின்றவனுக்கு வாயிலும் திறத்தல் வேண்டும் என்னும் உண்மை இத்தீர்மானத்துள் அடங்கியிருத்தல் காண்க.

வாயில் மெல்லவே திறந்தது. 1925-இல் அமைந்த இசுகீன் குழு இந்தியாவிலேயே படைக்கல்லூரி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தேராதூனில் அக்கல்லூரி 1932-இல் திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர் மூண்டு அலுவலர் தேவை பெருகிய பின்னரே, 1942-இல் பல்கலைக் கழகப் பயிற்சிப் படை 'அலுவலர்' என்னும் அடையினைப் பெற்றது. 1908-இல் ஆங்கில மாணவனுக்குக் கிடைத்த பெயர் இந்திய மாணவனுக்குக் கிடைக்க 34 ஆண்டுகள் ஆயின.

தேசிய மாணவர் படை

1946-இல் இருதயநாத் குன்சுருவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. அதன் அறிக்கையைத் தழுவி 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டு சூலைத் திங்களில் படை செயற்படத் தொடங்கியது. கல்லூரிக்கு மேற்பிரிவு, பள்ளிக்குக் கீழ்ப்பிரிவு, மகளிர்க்குத் தனிப்பிரிவு என அது வகுக்கப்பெற்றது. மகளிர் பிரிவு 1949-இலும், வானணி 1950-இலும், கடலணி 1952-இலும் தொடங்கின. ஆல்டேன் வகுத்த சான்றிதழ் முறை 'ஏ', 'பி', 'சி' என மூன்றாக விரிந்து நிலைபெற்றது.

இச்சட்டத்தின் உயிர்ப்பகுதி ஒன்று உண்டு. இப்படையிற் சேர்ந்தமை காரணமாக மட்டும் எவரும் போர்த்தொண்டிற்குக் கடமைப்பட்டவர் ஆகார். எனவே இது ஆங்கில நாட்டு முறையினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. அலுவலரை உருவாக்குதல் ஒரு நோக்கமாக நிற்ப, ஒழுக்கமும் தோழமையும் தலைமைப் பண்பும் உடைய குடிமக்களை உருவாக்குதல் மற்றொரு நோக்கமாயிற்று. விருப்பமுடையவர்க்கு வாயில் திறந்திருந்தது. விரும்பாதாரை அவ்வாயிலினுள் எவரும் தள்ளவில்லை. இவ்விரண்டும் பொருந்தியமையே படையின் தொடக்ககால வளர்ச்சிக்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

கட்டாயமும் மொழியும்

விருப்பமா, கட்டாயமா என்னும் வினா விடுதலை பெற்ற இந்தியாவில் பலமுறை எழுந்தது. இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக் கழகக் கல்விக் குழு, மாணவரது நாட்டுத்தொண்டு விருப்பத்தின்பாற்பட்டதாதல் வேண்டும் என்றது. 1959-இல் தேசுமுக்குக் குழு, பட்டப் படிப்பிற்கு முன் சில திங்கள் கட்டாயத் தொண்டு வேண்டும் என்றது. மறு ஆண்டில், பிற நாட்டு முறைகளை ஆராய்ந்த சையதைன், விருப்பமுறையே தக்கது என்றார். அறிஞரிடையே இவ்வாறு கருத்து வேறுபட்டிருந்த நிலையில், 1962-இல் நிகழ்ந்த சீனப் போர் விடையைத் தானே தந்துவிட்டது. 1963-இல் கல்லூரி ஆண் மாணவர்க்குப் படைப்பயிற்சி கட்டாயமாயிற்று.

அன்றைய நிலையில் அம்முடிவைக் குறை கூறுதல் எளிதன்று. எல்லை இடருற்ற காலத்து, சுமையை விரும்புவோர் மட்டும் தாங்குவது முறையோ என்னும் வினா நேர்மையானதே. ஆயினும் விளைவு வேறாயிற்று. விருப்பமுடைய சிலர்க்கு அமைந்த பயிற்சி, விருப்பமில்லாத பலர்க்கும் பங்கிடப்பட்டபொழுது, பயிற்றுவோரும் கருவியும் திடலும் அத்தொகைக்கு ஈடு கொடுத்தல் அரிதாயிற்று. அணிவகுப்பு வருகைப் பதிவேட்டிற்கு நிகழ்த்தும் சடங்காகக் குறுகும் இடர் தோன்றியது.

சென்னை மாநிலத்தில் இதனோடு மொழிச் சிக்கலும் சேர்ந்தது. ஆங்கிலர் காலத்தில் ஆங்கிலமாயிருந்த ஏவற்சொற்கள் விடுதலைக்குப்பின் இந்தியாயின. 'சாவ்தான்' என்றால் நேர்நிற்றல் வேண்டும். 'விசிராம்' என்றால் தளர்ந்து நிற்றல் வேண்டும். விரும்பிச் சேர்ந்தவன் ஒரு மொழியின் சில சொற்களைத் தொழிற்சொற்களாகக் கருதி ஏற்றல் கூடும். கட்டாயத்தால் நிறுத்தப்பட்டவனுக்கோ, அச்சொற்களே கட்டாயத்தின் குரலாக ஒலிக்கும். ஏவற்சொல் ஏனைய சொற்களைப் போன்றதன்று. அதற்கு மறுமொழி இல்லை. உடல் கீழ்ப்படிதலே அதற்குரிய விடை. இந்தித் திணிப்பை எதிர்த்து 1965-இல் மாணவர் கிளர்ந்தெழுந்த நிலத்தில், இது சிறு செய்தியாக எங்ஙனம் அமையும்?

1968 சனவரி 23-இல், அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபொழுது, சென்னை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் மும்மொழித் திட்டத்தை நீக்குதலோடு, தேசிய மாணவர் படையில் இந்தி ஏவற்சொற்களைக் கைவிடுதலும் இடம்பெற்றது. பள்ளிப் பாடத்திட்டத்திற்கு நிகராக அணிவகுப்புத் திடலின் சில சொற்கள் எண்ணப்பட்டமை, அச்சொற்கள் மாணவர் உள்ளத்தில் எத்துணை ஆழப் பதிந்தன என்பதைக் காட்டும். கட்டாயம் இல்லாதிருந்தால் இச்சிக்கல் இத்துணைக் கூர்மை பெற்றிராது என்பது நம் துணிபு.

அவ்வாண்டிலேயே இந்தியா முழுவதும் படைப்பயிற்சி மீண்டும் விருப்பத்திற்கு விடப்பெற்றது. 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக் கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. துப்பாக்கியை விரும்பாதவன் மண்வெட்டியால் நாட்டிற்குத் தொண்டாற்ற வழி பிறந்தது.

இன்றைய நிலை

கட்டாயம் நீங்கியபின் படை அழிந்துவிடவில்லை, பெருகியே வந்துள்ளது. மூன்றாண்டுப் பயிற்சியும் முகாமும் முடித்து 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரி, உரிய தகுதி இருப்பின், எழுத்துத் தேர்வின்றி நேர்காணலுக்குச் சென்று அலுவலர் பயிற்சி பெறும் தனிவழி உண்டு. அப்பயிற்சியை அளிக்கும் கழகம் நம் சென்னைப் பரங்கிமலையில் 1963 முதல் இயங்குவது. 1992 முதல் மகளிர்க்கும் அங்கே பயிற்சி அளிக்கப்பெறுகிறது. 2021 முதல் இப்பயிற்சியைப் பட்டப் படிப்பின் விருப்பப் பாடமாகவே ஏற்கப் பல்கலைக் கழகங்கட்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. வகுப்பிற்கு வெளியே நின்ற திடல் இவ்வாறு வகுப்பினுள் வந்துவிட்டது. மதிப்பெண்ணின் பொருட்டுச் சேர்பவன் விரும்பிச் சேர்பவன் ஆவானோ என்பது இனி எழத்தக்க வினா.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். வாயில் இல்லாத பயிற்சி, 1920-க்குப்பின் கண்டவாறு, ஆர்வமுடையவனையும் ஏமாற்றும். இசைவு இல்லாத பயிற்சி, 1963-க்குப்பின் கண்டவாறு, நல்ல நோக்கத்தையும் சுமையாக்கும். பயிற்சி பெறுவோன் தாழ்வின்றிக் கேட்டற்கியலாத மொழி, அச்சுமையைக் காயமாக்கும்.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி சட்டங்களிலும் குழு அறிக்கைகளிலுமே இதுவரை தேடப்பெற்றது. நம் கல்லூரிகளின் ஆண்டு மலர்களில் முகாம் வாழ்க்கையைப் பற்றி மாணவர் தாமே எழுதிய கட்டுரைகளும், சட்டமன்றத்தின் 1968-ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகளும் தமிழ் ஆராய்ச்சி மாணவர் கைபட வேண்டிய கருவூலங்களாகும். ஏவியவர் குரலை நாம் கேட்டோம். ஏவப்பட்டவர் குரல் அவற்றிற் கேட்கும்.