மில்லேயின் அறுவடை ஓவியத்தில் ரூத்

நார்மண்டியிலுள்ள குரூஷி என்னும் சிற்றூரில் 1814இல் உழவர் குடியில் பிறந்த ழான் பிரான்சுவா மில்லே, 1849 முதல் 1875இல் மரிக்கும்வரை பார்பிசோன் கிராமத்தில் வாழ்ந்தார். ஆங்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் உழைத்து அவர் தீட்டிய ஓவியமொன்றிற்கு முதலில் கருதிய பொருள் ரூத்தும் போவாசுமே. 1853ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலோ அது 'அறுவடைக்காரரின் உணவு' என்னும் பெயருடன் வந்து பதக்கமும் பெற்றது. திருமறைப் பெயர்கள் மறைந்தன. ஆயினும், தயங்கி நிற்கும் ஏழைப் பெண்ணை ஒருவன் உணவருந்துவோரிடம் அழைத்து வருவதை நாம் காண்கிறோம்.

1857இல் வெளியான 'கதிர் பொறுக்குவோர்' ஓவியத்தில் அவ்வழைப்பும் இல்லை. மூன்று பெண்கள் குனிந்திருக்க, மேற்பார்வையாளன் தொலைவில் குதிரைமேல் இருக்கிறான். 1848ஆம் ஆண்டுப் புரட்சியை மறவாத விமர்சகர் சிலர் இதைக் கண்டு அஞ்சினர். அப்பெண்கள் பொறுக்கியதோ, லேவியராகமம் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொன்ன கதிர்களை மட்டுமே.