பசி இல்லாமல் போவதில்லை

நம்மூரில் ஒரு பெண்பிள்ளை சாப்பாட்டைத் தள்ளி வைத்தால் "டயட் இருக்கிறா" என்போம். இன்னும் மெலிந்தால் "கண்ணூறு" என்று ஓதிப் பார்ப்போம். இது நோயாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும்.

1870களில் லண்டன் வைத்தியர் வில்லியம் கல் இந்த நோய்க்கு 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயரிட்டார். நரம்புக் கோளாறால் பசி அற்றுப்போதல் என்பது அதன் பொருள். ஆனால் நோயாளிகள் எழுதியதைப் படித்தால் இந்தப் பெயரே பிழை என்று தெரியும்.

'எலன் வெஸ்ட்' என்ற புனைபெயரால் அறியப்படும் பெண் 1921இல், முப்பது வயது கடந்த சில ஆண்டுகளில், இறந்துபோனார். அவருக்குச் சிகிச்சை அளித்த சுவிட்சர்லாந்து உளமருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கர், அவருடைய நாட்குறிப்புகளை ஆராய்ந்து 1944-45இல் வெளியிட்டார். இளவயதுக் குறிப்புகளில் ஏழைகளின் துன்பம், சமூக மாற்றம், சாதிக்கும் ஆசை எல்லாம் இருந்தன. சிறுவர்களுக்கு வாசிப்பு அறைகள் அமைப்பதிலும் ஈடுபட்டவர் அவர். பிந்திய குறிப்புகளில் அந்த உலகம் சுருங்கிவிட்டது. மிஞ்சியவை இரண்டே: தீராத பசி, உடல் பருத்துவிடுமோ என்ற பயம். பசி போகவேயில்லை. அதனோடு நாள் முழுக்கப் போராடித்தான் அவர் களைத்துப்போனார்.

ஹில்டே புரூக் என்ற வைத்தியர் இத்தகைய பல பிள்ளைகளோடு பேசி, 1978இல் 'தங்கக் கூண்டு' என்ற நூலை எழுதினார். வெளியே எல்லாம் நிறைவான பிள்ளை. உள்ளே தனக்கென்று எதுவும் இல்லையென்ற உணர்வு. உணவு ஒன்றையாவது தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கப் பார்க்கிறாள்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் எழுத்திலுள்ள சொற்களைக் கணினியால் எண்ணி ஆராய்பவர். அவரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று நம்மை யோசிக்க வைக்கிறது. நோயைப் பெருமையாகப் பேசியவர்களின் எழுத்தில் மகிழ்ச்சிச் சொற்கள் கூட, பதற்றச் சொற்கள் குறைவு. குணமாகி வருபவர்களின் எழுத்தில்தான் பதற்றமும், காரணம் தேடும் சொற்களும், 'நான்' என்ற சொல்லும் கூடுதலாக இருந்தன.

ஆகவே "நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்று சிரிக்கும் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அவளுடைய பேச்சில் கூட்டாளிகள், பாடம், எதிர்காலம் எல்லாம் குறைந்து சாப்பாடும் எடையும் மட்டும் மிஞ்சுகிறதா என்று கவனியுங்கள். நோன்புக்கு மஃரிபோடு முடிவுண்டு. இந்தப் பட்டினிக்கு அப்படி ஒரு நேரம் இல்லை.

உம்மாமாரே, ஆசிரியர்களே, "மெலிஞ்சு வடிவாயிட்டீங்க" என்று சொல்லுமுன் ஒருமுறை யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.