விலை மலிவு, ஆனாலும் வாங்க ஆளில்லை!

1964ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் முதன்முறையாக மக்களுக்கு விற்பனைக்கு வந்தன. ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. இன்று முதல் வீட்டுக்கு அலைந்துகொண்டிருக்கும் இளம் தம்பதிகளிடம் இந்த விலையைச் சொன்னால், "அப்போதே பிறந்திருக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அன்று அந்த வீடுகளை வாங்க மக்கள் முண்டியடிக்கவில்லை. பலர் வாடகையே போதும் என்று இருந்துவிட்டார்கள். ஏன்?

வீட்டுத் தேவை இல்லாமல் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் லிம் கிம் சான் தலைமையில் தொடங்கப்பட்டபோது, நகரில் கடைவீட்டு அறைகளிலும் புறநகரில் அத்தாப்புக் குடிசைகளிலும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீ சுமார் 16,000 பேரை ஒரே நாளில் தெருவுக்குக் கொண்டுவந்தது. கழகம் இராப்பகலாகக் கட்டியது. முதல் ஐந்தாண்டிலேயே 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவை பெரும்பாலும் வாடகை வீடுகள்.

சொந்த வீட்டுத் திட்டம் வந்தபோது தடையாக நின்றது விலையல்ல, முன்பணம். விலையில் 20 விழுக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஈரறை வீட்டுக்கு 980 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 1,240 வெள்ளி. அன்றாடக் கூலியில் அரிசி வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பத்தால் அவ்வளவு ரொக்கத்தை எங்கிருந்து புரட்ட முடியும்?

நம்மவர்களுக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நகராட்சி வேலைகளிலும் இருந்த தமிழர் பலர் வேலையோடு கிடைத்த குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். மிச்சம் பிடித்த பணம் ஊருக்குப் போனது, நிலமாகவோ தங்கை கல்யாணமாகவோ மாறியது. இங்கே எதற்கு வீடு என்ற எண்ணம் அன்று இயல்பானது. பிரிட்டிஷ் படைகள் 1971 இறுதியில் வெளியேறியபோதுதான், வேலையோடு வந்த கூரை வேலையோடு போய்விடும் என்பது பலருக்கு உறைத்தது.

முன்பணச் சிக்கலை அவிழ்த்தது 1968. அதுவரை ஓய்வுக்காலத்துக்கென்று பூட்டி வைத்திருந்த மத்திய சேமநிதியை, அந்த ஆண்டு செப்டம்பர் முதல் வீட்டின் முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. கைப்பணம் கரையாமல் வீடு! விண்ணப்பங்கள் குவிந்தன. 1970ல் சொந்த வீட்டில் வாழ்ந்த குடும்பங்கள் 10க்கு மூன்று. 1990ல் கிட்டத்தட்ட ஒன்பது. உலகில் வேறு எங்கும் எளிதில் காண முடியாத மாற்றம் இது, சந்தேகமில்லை.

ஆனால் அன்றுமுதல் வீட்டுக்கும் முதுமைக்கும் ஒரே பைதான். அந்தப் பை எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பியவர்களுக்கு 1986 பெரிய அதிர்ச்சி கொடுத்தது. 1984ல் ஊழியர் 25, முதலாளி 25 என்று சேமநிதிச் சந்தா சம்பளத்தில் 50 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. 1985ல் பொருளாதாரம் சரிந்தது. மறுஆண்டே முதலாளியின் பங்கு 10 விழுக்காடாக வெட்டப்பட்டது. ஆயிரம் வெள்ளி சம்பளக்காரர் கணக்கில் மாதம் 500 வெள்ளி விழுந்த இடத்தில் 350 வெள்ளிதான் விழுந்தது. வீட்டுத் தவணை குறையுமா? குறையாது. சந்தா முழுவதையும் நம்பிப் பெரிய வீடு எடுத்தவர்கள் துண்டு விழுந்த தொகையை ரொக்கமாகக் கட்ட வேண்டியதாயிற்று.

மறந்திருப்போம் என்றோ என்னவோ, 1999ல் மீண்டும் அதே கதை. ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு முதலாளியின் பங்கு 20லிருந்து 10 விழுக்காடானது. 1996ல் விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கியவர்கள் பாடுதான் திண்டாட்டம்: வீட்டின் மதிப்பும் இறங்கியது, சந்தாவும் இறங்கியது. ஆக, வங்கி எவ்வளவு கடன் தரும் என்பதை மட்டும் கேட்டுவிட்டு வீடு பார்க்கக் கிளம்புவது அறிவுடைமை அல்ல. சந்தா கால்வாசி குறைந்தாலும், இருவரில் ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தாலும் தவணை ஓடுமா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பலர் வீட்டை விற்கும்போதுதான் கண்டுபிடிக்கும் சங்கதி ஒன்றும் உண்டு. சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை, அது அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு விற்ற பணத்திலிருந்து திருப்பிப் போட வேண்டும். ஒரு லட்சம் வெள்ளியை எடுத்து 20 ஆண்டு கழித்து விற்றால் ஏறத்தாழ 164,000 வெள்ளி சேமநிதிக்குப் போகும். அது உங்கள் பணம்தான், தொலைந்து போகவில்லை. ஆனால் கைக்கு வராது. பெரிய வீட்டுக்கு மாறக் கனவு கண்டவர்கள் இங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள்.

1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையையும் இந்தியக் குடும்பங்கள் வாங்கும்போதே விசாரிப்பது நல்லது. புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பியிருந்தால், நம் வீட்டைச் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கினால் விலையும் சுருங்கும்.

கடைசியாகக் குத்தகை. வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பழைய வீடு என்றால் அரசாங்கம் எப்படியும் இடித்துப் புது வீடு தரும் என்ற நம்பிக்கை வெகுநாள் நிலவியது. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் 2017 மார்ச்சில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்: 1995 முதல் அத்திட்டத்துக்குத் தேர்வானவை 4 விழுக்காட்டு வீடுகளே. 2019 மே முதல், வாங்குபவரில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை ஓடினால்தான் சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். 1970களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டுக்குக் குத்தகையில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. விலை மலிவாக இருக்கிறதே என்று முப்பது வயதுத் தம்பதி அதன்மீது ஆசைப்பட்டால், முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

குத்தகை முடிந்தால் என்ன ஆகும் என்பதைக் கேலாங் லோரோங் 3 காட்டிவிட்டது. அங்கிருந்த 191 தனியார் வரிசை வீடுகள் 1960ல் 60 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. 2020 டிசம்பர் 31ஆம் தேதி அந்த நிலம் இழப்பீடு எதுவுமின்றி அரசாங்கத்திடம் திரும்பியது.