குழாய்க்குள் ஒளிந்திருக்கும் துண்டு

கார்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்ஜினைப் பற்றி எழுதுவார்கள், ரேஸில் ஜெயித்த கதையை எழுதுவார்கள். ரப்பர் குழாய்க்குள் ஒளிந்து கிடக்கும் சின்னத் துண்டைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு உத்தியோகம் முழுக்க ப்ரஷர் கேஜ், டெம்பரேச்சர் கேஜ் என்று அளவுக் கருவிகளோடு போனது. அதனால் எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். இந்த வாரம் ரோட்டரி இன்ஜின் கார்களையும், அவற்றின் ப்ரஷர் சென்சருக்குப் போகும் குழாயில் வைக்கும் ரெஸ்ட்ரிக்டர் என்ற துண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் இன்ஜின். நாம் அறிந்த கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல் இதை மாற்ற நினைத்தார். முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று, இடுப்பு சிறுத்த ஒரு கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ள வேண்டும். என்எஸ்யூ கம்பெனியில் அவருடைய முதல் மாதிரி இன்ஜின் ஓடியது 1957 பிப்ரவரியில். பிறகு அங்கேயே ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர் அதைக் காருக்கு ஏற்றபடி எளிமையாக்கினார்.

ஜப்பானில் ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா, 1961-ல் இந்த உரிமத்தை வாங்கியது. சிக்கல் உடனே ஆரம்பித்தது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற பட்டைகள் உண்டு. பிஸ்டனுக்கு ரிங் எப்படியோ, ரோட்டருக்கு இது அப்படி. ஓடும்போது இந்தப் பட்டைகள் அதிர்ந்து கூட்டின் உள்சுவரில் வரிவரியாகக் கீறின. அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் 1963 முதல் இதோடு மல்லுக்கட்டினார்கள். கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச் செய்து உண்டாக்கிய சீல்தான் கைகொடுத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே வருடம் ஜெர்மனியில் வந்த என்எஸ்யூ ஆர்ஓ 80 காருக்கு சீல் தேய்மானமே பெரிய தலைவலியாகி, கம்பெனியையே தள்ளாட வைத்தது. 1969-ல் என்எஸ்யூ, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்த 1967-ல் இன்னொன்றும் நடந்தது. பாஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறையைக் கொண்டுவந்தது. கார்புரேட்டர் கிடையாது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் என்ன அழுத்தம் என்று ஒரு சென்சர் பார்த்துச் சொல்லும். மின்னணுப் பெட்டி அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று கணக்குப் போடும். நாட்டு வைத்தியர் நாடி பிடித்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பது போலத்தான். பிற்பாடு மாஸ்டாவும் இந்த வழிக்கு வந்தது. 1991 கடைசியில் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7, காற்றின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் மீட்டர் இல்லாமல், இந்த அழுத்தக் கணக்கை நம்பியே ஓடியது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நாடி ஒரே சீராக இருப்பதில்லையே! இரண்டு ரோட்டர் உள்ள 13பி இன்ஜினில், ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு முறை காற்று இழுக்கப்படும். நிமிடத்துக்கு 750 சுற்று என்ற ஐடிலிங் வேகத்தில் நொடிக்கு 25 இழுப்பு. 6000 சுற்றில் நொடிக்கு 200. ஒவ்வொரு இழுப்புக்கும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறி இறங்கும். வேகம் குறையும்போது இந்தத் துடிப்பு நன்றாகத் தெரியும். அதிக சக்தி வேண்டும் என்று காற்று வழியைக் குடைந்து பெரிதாக்கிய இன்ஜின்களில் இன்னும் மோசம். சென்சர் இந்தத் துடிப்பை அப்படியே சொன்னால், பெட்ரோல் கணக்கும் கூடக் குறைய ஆடி, இன்ஜின் திணறும்.

அதற்கு மருந்துதான் ரெஸ்ட்ரிக்டர். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளை போட்ட சிறு உலோகத் துண்டு. பார்க்க மாத்திரை போல இருக்கும். அதைக் குழாய்க்குள் செருகிவிட்டால், வேகமான துடிப்பு துளையைத் தாண்டி முழுசாகப் போக நேரம் கிடைக்காது. நிதானமாக ஏறி இறங்கும் அழுத்தம் மட்டும் சென்சருக்குப் போய்ச் சேரும்.

இதில் புதுமை எதுவும் இல்லை. ஆற்றில் நீர்மட்டம் அளக்கக் கரையோரம் ஒரு கிணறு கட்டியிருப்பதை அணைக்கட்டுப் பக்கம் பார்த்திருப்பீர்கள். ஆற்றிலிருந்து அதற்குள் சின்னக் குழாய் வழியாகத்தான் தண்ணீர் போகும். வெளியே அலை அடித்தாலும் உள்ளே மட்டம் அசையாது. ஆலைகளில் பம்ப் பக்கத்தில் இருக்கும் ப்ரஷர் கேஜின் முள் சாமி வந்தது போல ஆடும். ஸ்னப்பர் என்ற பித்தளைத் துண்டை இடையில் போட்டால் அடங்கிவிடும். நான் எத்தனை மாட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஆனால் துளையை ரொம்பச் சின்னதாக்கினால் வேறு ஆபத்து. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் டர்போ காற்றைத் திணிக்கிறது, அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. சென்சருக்கு அந்தச் செய்தி தாமதமாகப் போனால் அந்த நேரத்துக்கு பெட்ரோல் போதாது. எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து துளை அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். குழாய் கழன்றே போய்விட்டாலோ, சென்சர் வெளிக்காற்றைத்தான் அளக்கும். டர்போ திணிக்கும் காற்று அதன் கணக்கிலேயே வராது.

சாதாரண இன்ஜின் கொஞ்சம் தட்டும், ஓட்டுபவர் சுதாரித்துக்கொள்வார். ரோட்டரிக்கு அந்த அவகாசம் குறைவு. பெட்ரோல் குறைந்து, கலவை தாறுமாறாக வெடித்தால் அபெக்ஸ் சீல் உடைகிறது. உடைந்த துண்டு கூட்டைக் கீறிவிட்டு டர்போவையும் பதம் பார்க்கும். 47 பேர் வருடக்கணக்கில் பாடுபட்டுக் காப்பாற்றிய அந்த முனை, ஒரு ஊசித் துளை செய்யும் குளறுபடியில் போய்விடும்.

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ல் இரண்டு டர்போ. ஒன்று முதலில் வேலை செய்யும், சுமார் 4500 சுற்றில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இதை ஆட்டுவிக்க சோலினாய்டு வால்வுகளும் காற்றுக் குழாய்களும் பின்னிப் பிணைந்து கிடக்கும். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் குழாய்களிலும் கம்பெனியே இப்படிப்பட்ட துண்டுகளைச் செருகி அனுப்பியது. வருடங்கள் போய் ரப்பர் காய்ந்து வெடித்தது. சொந்தக்காரர்கள் பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பளபளவென்று சிலிக்கான் குழாய் மாட்டினார்கள். உள்ளே இருந்த துண்டும் பழைய குழாயோடு குப்பைக்குப் போனது. டர்போ கணக்கு ஏன் மாறிப் போயிற்று என்று பிறகு தேடினார்கள். அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான், குழாய் மாற்றுமுன் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

1991-ல் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றதைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆர்எக்ஸ்-7 2002-லும், ஆர்எக்ஸ்-8 2012-லும் நின்றன. 2023-ல் ஒற்றை ரோட்டர் இன்ஜின், எம்எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில் ஜெனரேட்டரை ஓட்டும் வேலைக்குத் திரும்பி வந்தது.

கார் ஆனாலும் சரி, ஆலை பம்ப் ஆனாலும் சரி, பழைய குழாயைக் கழற்றினால் எறிவதற்கு முன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் அழுத்திப் பாருங்கள். நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், அதை யாரோ யோசித்துத்தான் அங்கே வைத்திருக்கிறார்.